ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறவள்

ஜனவரி 6

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. ஒரு முக்கியமான முடிவை உனக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எல்லாத் தரப்பு நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து, ஜன்னலோரம் இருந்த மர நாற்காலியை, படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள நடையில் வைப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. நாற்காலியின் கருத்தும் கேட்கப்பட்டது. அது மௌனமாக இருந்தது. எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்த காலம் முழுக்க மௌனத்தைச் சம்மதம் என்று எழுதித்தான் கோப்புகளை மூடினேன், இதையும் மூடினேன். காரணம், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும், சமையலறை மூலையில் குடியிருக்கும் சிலந்தியும்.

அடுத்த செய்தி. வாரம் ஒருமுறை வந்து ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இனி வரமாட்டார். அவருக்குப் பதிலாக நகராட்சி ஒரு பேசும் பெட்டியைக் கொண்டுவந்து நடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அது தானாகவே திறந்துகொண்டு பேசும். நாம் இருந்த இடத்திலிருந்து பதில் சொன்னால் போதும். பேசி முடித்ததும் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தி மூடுவது மட்டும் நம் பொறுப்பு. பேசுகிறவள் ஒரு பெண். பெண் என்றால் குரல் மட்டும், மிச்சமெல்லாம் இயந்திரம்.

"வணக்கம் ஐயா, இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா. நீ எப்படி இருக்கே?"

"நானும் நல்லா இருக்கேன் ஐயா. விசாரிச்சதுக்கு நன்றி. வணக்கம்."

அரசாங்கத் தரப்பிலிருந்து யாரும் எனக்கு நன்றி சொல்வது இதுவே முதல் தடவை. சம்பளம் வாங்கிய காலத்தில்கூடச் சொன்னதில்லை.

நகராட்சி அனுப்பும் உதவியாள் அம்மாள், அதாவது நம் தளபதி, தினமும் காலையில் வந்து குளிக்கக் கைகொடுத்து, சமைத்து வைத்து, நன்றாகத் திட்டிவிட்டுப் போகிறார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் சௌக்கியத்தை நான்கு வரிக்குக் குறையாமல் எழுது.

அண்ணன்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். ஐம்பத்துநாலு வயசில் இந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள் நான்தான். வீட்டில் நலம். அவருக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, கோபமும் கூடவே ஏறி இறங்குகிறது. எனக்குத் தோள்வலி. பால்காரருக்குக்கூட நலம்தான். நான்கு வரி ஆகிவிட்டதா?

போன் இருக்கும்போது எதற்கு இன்னும் கடிதம் என்று இவர் சிரிக்கிறார். போனில் நீங்கள் பேசுவதெல்லாம் "நல்லா இருக்கேன், வெச்சிடட்டுமா?" மட்டும்தான். கடிதத்திலாவது ஒன்றரைப் பக்கம் ஏமாற்றுகிறீர்கள்.

அந்த நடையில் ஜன்னலே கிடையாதே அண்ணா. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

எனக்கு அதே சரிபார்க்கும் வேலைதான். இயந்திரம் முடிவெடுக்கிறது. அதை ஒரு மனுஷி பார்த்தாள் என்று சட்டப்படி எழுத வேண்டியிருக்கிறது. அந்த மனுஷி நான். கூட நான்கு பேரை மேய்க்கவும் செய்கிறேன்.

அந்த ஒன்பது மணிக் குரலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மரியாதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அதற்கு மனசு நோகாது. சும்மா, தோன்றியது, எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாண்டு

பிப்ரவரி 8

அன்புள்ள வாண்டுக்கு,

இரண்டு ஜீவன்களும் சௌக்கியம். சிலந்தி சற்று இளைத்திருக்கிறது. உன் தோள்வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையின் கோபத்துக்கு ஒன்றும் கொடுக்காதே.

நடையில் வெளிச்சம் பல்பிலிருந்து வருகிறது.

உள்ளதை உள்ளபடி சொல் என்கிறாய். காலங்கார்த்தாலே ஒருத்தி இவ்வளவு பணிவாக விசாரிக்கிறாள். நாள் தவறாமல் என்னை விசாரிக்கிறவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளிடம் போய் என் மூத்திரப் பையின் வரலாற்றையா விவரிப்பது? ஆனாலும் நீ சொன்னதற்காக நேற்று கொஞ்சம் விவரமாகவே சொன்னேன்.

"உயிர் இருக்கும்மா. மத்ததெல்லாம் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

"கேக்க சந்தோஷமா இருக்கு ஐயா. வணக்கம்."

இந்த மாதம் எனக்கு ஒரு கௌரவம் கிடைத்திருக்கிறது. என் நலம் தொடர்ந்து சிறப்பாக இருப்பதால், தளபதி இனி வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதுமாம். மிச்ச நாள் அவரை என்னைவிட மோசமான யாருக்கோ அனுப்புகிறார்கள். தளபதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "அப்படி என்னத்தய்யா சொன்னீரு அதுகிட்ட?" நல்லதைத்தான் சொன்னேன் என்றேன். "உம்ம வாயிலே கொள்ளிய வைக்க" என்றார். இதுவும் ஒருவகை விசாரிப்புத்தான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். ஒத்தடம் கொடுத்தேன், தோள் பரவாயில்லை. இவருக்கு மருந்தை மாற்றியிருக்கிறார் டாக்டர். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் எந்நேரமும் கட்டிலை இழுத்துப் போடுகிறார்கள்.

தளபதியைக் குறைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நகராட்சிக்கு நேரில் போய் ஒரு மனுஷனைப் பார்த்துச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கீழ்வீட்டுத் தையற்காரரை அனுப்புங்கள். நாற்காலியோடு சாய்ந்தீர்களே, கையிலா இடுப்பிலா அடி? எதற்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அந்த ஊதா நிற மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். நடையில் மிதியடி எதுவும் போட வேண்டாம், வழுக்கும்.

குளிர் குறைந்துவிட்டதா? இங்கே குறையவில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

வாண்டு

ஏப்ரல் 2

வாண்டுக்கு,

சௌக்கியம்.

நாற்காலியோடு சாய்ந்ததை நான் உனக்கு எழுதவில்லை. தளபதிக்குத் தெரியாது. தையற்காரருக்கும் தெரியாது. சம்பவத்தின்போது வீட்டில் நானும் நாற்காலியும் மட்டுமே இருந்தோம். அது காட்டிக்கொடுக்கிற ரகமல்ல. இதை யோசித்துப் பார்க்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. வயசாகிவிட்டது.

அன்றைக்கு ஒன்பது மணிக்காரி வணக்கம் சொல்லிவிட்டாள். பொத்தானை அழுத்த எழுந்தேன். எழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. பெட்டியை மூடினேனா என்பது நினைவில்லை. மூடியிருக்க முடியாது.

உன் கம்பெனி என்னதான் சரிபார்க்கிறது?

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இங்கே நலம் என்று எழுதவும்.

அந்தக் குரல் எங்கள் கம்பெனியுடையதுதான். உங்கள் நகராட்சி எங்களிடம்தான் வாங்கியது. ஜனவரியில் என் மேசைக்கு வந்த பதிவுகளில் ஒன்றைப் போட்டேன். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். "நீ எப்படி இருக்கே?" என்று இயந்திரத்தைத் திருப்பிக் கேட்கிற ஆள் இந்தத் தேசத்தில் எத்தனை பேர் அண்ணா? அன்றிலிருந்து அந்த எண்ணைத் தேடித் தேடிக் கேட்டேன். அது தப்பு. தெரிந்தால் வேலை போய்விடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் வேலையில் "வால்" என்று ஒன்று உண்டு. குரல் வணக்கம் சொல்வதற்கும் நீங்கள் பெட்டியை மூடுவதற்கும் நடுவில் பதிவாகிற சத்தத்துக்கு அந்தப் பெயர். வணக்கம் வரைக்கும் சொன்னதற்குத்தான் இயந்திரம் மதிப்பெண் போடும். வாலை வெட்டிவிடும். நீங்கள் விழுந்தது வாலில். எழுந்திருக்க அவ்வளவு நேரம் திணறியதும் வாலில். உங்கள் எண்ணுக்கு அன்று 'நலம்' என்று பச்சை விளக்கு எரிந்தது.

மேலாளரிடம் போனேன், அண்ணன் என்று சொல்லாமல்.

"சார், வால்லதான் ஆளுங்க விழறாங்க."

"மேடம், வணக்கம் சொன்னதுக்கப்புறம் கேக்கறது ஒட்டுக்கேக்கறது. நாம அந்த மாதிரி கம்பெனி இல்ல."

"அப்புறம் ஏன் சார் அதையும் பதிவு பண்றோம்?"

"அழிக்கணும்னா தனியா அனுமதி வாங்கணும்."

"அவர் நல்லா இல்ல சார்."

"அவரே நல்லா இருக்கேன்னு சொல்றார். இல்ல, நீ பொய் சொல்றேன்னு ஒரு பெரியவர்கிட்ட நாம சொல்லலாமா? அது அவரோட சுயமரியாதை, மேடம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார். பச்சை விளக்கோடு.

இன்னொன்று. நீங்கள் அடிக்கிற ஜோக்குக்கெல்லாம் இயந்திரம் தனி மதிப்பெண் போடுகிறது. "மனநிலை: உற்சாகம்." ரிப்பேர் ஜோக்குக்குப் பிறகுதான் தளபதியைக் குறைத்தார்கள். தயவுசெய்து ஜோக் வேண்டாம். "எனக்கு முடியலை." இரண்டே சொல். அதைச் சொல்லுங்கள்.

கோபமிருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

வாண்டு

ஏப்ரல் 25

அன்புள்ள வாண்டுக்கு,

சௌக்கியத்தை விடு. மாப்பிள்ளைக்குப் புது மருந்து ஒத்துக்கொள்கிறதா?

கோபம் இருந்தது. நான்கு பக்கம் திட்டி எழுதி, பிழை திருத்தி, கிழித்துப் போட்டேன். வணக்கத்துக்குப் பிறகு நான் சில நாள் உன் அண்ணியிடம் பேசுவதுண்டு. அவள் போன பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். அதையும் கேட்டிருப்பாய். அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம், சரிபார்க்க வேண்டாம்.

பொய்த் தராசை நான் ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருப்பான், முள்ளை வளைத்திருப்பான். உங்கள் சாமான் அந்த வகையல்ல. அது சரியாகத்தான் நிறுக்கிறது. தட்டில் நான்தான் என்னை வைக்காமல் வேறு எதையோ வைக்கிறேன். இதற்கு எந்தச் சட்டப்பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியவில்லை.

நீ சொன்ன இரண்டு சொல்லைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான். உன் அண்ணியிடம்கூட நான் சொல்லாத சொல் அது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்காரி "எப்படி இருக்கீங்க" என்றதும் வாயைத் திறந்தேன். "ஏதோ இருக்கேம்மா" என்று வந்தது. ஒரு படி இறங்கியிருக்கிறேன். பச்சையில் அது எந்தப் பச்சை என்று பார்த்துச் சொல். இல்லை, பார்க்காதே.

தளபதி இப்போது வாரம் ஒருநாள்.

அண்ணன்

மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவருக்கு மருந்து ஒத்துக்கொண்டது. "ஏதோ இருக்கேன்" என்பதும் பச்சைதான். பார்க்கவில்லை, விதியில் இருக்கிறது.

விதிகளை முழுக்கப் படித்தேன். படித்த கையோடு எழுதுகிறேன். "முடியலை" என்று ஒரு நாள் மட்டும் சொன்னால் அது கணக்கில் வராது. தொடர்ந்து மூன்று நாள் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள்தான் சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் வீட்டுக்கு வருவார். நடுவில் ஒரு நாள் "பரவாயில்லை" என்றால் மறுபடி முதலிலிருந்து. "நல்லா இருக்கேன்" என்பதற்கு மட்டும் ஒரு நாள் போதும்.

இப்படி ஒரு விதி ஏன் என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் ஒரு அம்மாள் தினமும் "இன்னிக்குப் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஓடும். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, பேசிக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்கும் வாங்க என்பாராம். அதைக் கேட்டு ஆபீசே சிரித்தது. வீணாக வண்டி ஓடக்கூடாதே என்று யாரோ ஒருவர், நல்லெண்ணத்தில்தான், மூன்று நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த அம்மாளுக்குத் துணைக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் அண்ணா. வரிசையாக மூன்றே நாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். நான்காம் நாள் வேண்டுமானால் ஜோக் அடியுங்கள்.

ஜூன் 3

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே பாதி சௌக்கியம். சிலந்தியைத் தளபதி பெருக்கித் தள்ளிவிட்டார். எழுத்துக் கோணலாக இருப்பது பேனாவின் குறை.

உன் உத்தரவுப்படி காரியத்தில் இறங்கினேன். முதல் நாள்: "எனக்கு முடியலைம்மா." சொல்லிவிட்டேன். "வருத்தமா இருக்கு ஐயா, பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றாள். அன்று முழுக்க யாரையோ பற்றிப் புறம்பேசிவிட்டு வந்தவன்போல் இருந்தது. இரண்டாம் நாள் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் பதிவு பண்ணிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ரெண்டு நாளா உங்களுக்கு முடியலைன்னு சொன்னீங்க ஐயா. இன்னிக்காவது பரவாயில்லையா?"

வாண்டு, நீயே சொல். நம் வீட்டில் யாராவது இப்படி ஆசையாக நம் முகத்தைப் பார்த்துக் கேட்டு, இல்லை என்று நாம் சொல்லியிருக்கிறோமா? அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கும்போது டாக்டர் "பரவாயில்லையா?" என்றதற்கு என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும்.

"பரவாயில்லைம்மா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. வணக்கம்."

உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்போல் இருந்தது. அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கச் சொல்லி எழுதிக்கொடுத்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர்.

பதறாதே. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

ஜூன் 18

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் அண்ணன் வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணன் உயிரோடு இருக்கிறார். ஆபரேஷன் முடிந்தது. போன் போடத்தான் போனேன். "போன் போடாதேய்யா, பயந்துடுவா. எழுதிப் போடு, சாவகாசமா படிக்கட்டும்" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்துகொண்டு சத்தம் போட்டார்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து துணியில் தண்ணீர் சொட்டியது. குழாயை மூட மறந்துவிட்டார் என்று திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "வாங்க வாங்க" என்கிறார், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. பூட்டை உடைத்துத்தான் போனேன். நடையில் நாற்காலிக்குக் கீழே கிடந்தார். இடுப்பு எலும்பு. காலையில் குளிக்கக் குழாயைத் திறந்துவிட்டுத் துண்டு எடுக்க வரும்போது விழுந்திருக்கிறார். தளபதியம்மா வருகிற நாள் இல்லை அது.

"ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா சார்?" என்றேன். "ஒம்பது மணிக்குச் சொன்னேன்யா. விழுந்து கெடக்கேன், எந்திரிக்க முடியலைன்னு தெளிவாவே சொன்னேன். பதிவு பண்ணிக்கிட்டேன்னு சொல்லுச்சு. யாராவது வருவாங்கன்னு இருந்தேன்" என்றார். யார் அம்மா அது? ஒருத்தரும் வரவில்லையே.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். கோட்டு ஈரம் காய்ந்துவிட்டது.

தையற்காரர்

ஜூன் 29

அன்புள்ள வாண்டுக்கு,

இரண்டு வார லீவில் நீ வந்திறங்கியதும், ஏதோ தொற்று என்று வார்டுக்குள் உன்னை விடாததும் தெரிந்தது. நான் இங்கே, நீ என் வீட்டில். ஒரே ஊரில் இருந்துகொண்டும் கடிதம். நம் குடும்ப ராசி.

உடம்பு: இடுப்பில் ஆணி வைத்திருக்கிறார்கள். என் நிகர எடை சற்றுக் கூடியிருக்கும். தூக்கிவிட ஆள் இல்லாமல் இனி எழுந்திருக்கக் கூடாதாம். வீட்டுக்குப் போன பிறகும் பல மாதத்துக்கு அப்படித்தான். டாக்டர் இதை மூன்று முறை சொன்னார், எனக்குக் காது கேட்காததுபோல. நர்சுகள் வந்து எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அநாகரிகம்தான். ஆனால் நல்ல முறை.

புதன்கிழமை நான் சொன்னது கணக்கில் முதல் நாள் என்று பதிவாகியிருக்கும். அன்று இயந்திரத்தின்மேல் பிழையில்லை. அது விதிப்படி நடந்துகொண்டது.

உன் மே மாதக் கடிதத்தின் அடியில் உன் பெயர் இல்லை. நீ எழுதப் பழகிய நாளிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில் பெயர் போடாதது அது ஒன்றுதான். நீ அதில் குறிப்பிட்டிருந்த அந்த யாரோ ஒருவரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் எத்தனையோ தராசுகளுக்கு நல்லெண்ணத்தில் முத்திரை குத்தியவன்தான்.

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீ சாப்பிட்டாயா?

அண்ணன்

ஜூலை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிட்டேன். தூங்கவும் செய்கிறேன். இவர் தினமும் போன் போட்டு உங்களைக் கேட்கிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறதாம், கோபம் இறங்கவில்லை.

அந்த யாரோ ஒருவரிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவள் இந்தக் கடிதத்தின் அடியில் பெயர் போடுகிறாள்.

மேலாளரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் அண்ணன் என்பதையும் சேர்த்து. பதிவை எடுத்துப் பார்த்தார். பிறகு, "சிஸ்டம் சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு மேடம்? முதல் நாள்னு பதிவாகியிருக்கே" என்றார். மூன்று நாள் விதியை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரிசீலிப்பார்களாம். திங்கட்கிழமை காலை நான் நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ரயிலை விட முடியாது. நீங்கள் வீட்டுக்கு வரும்போது நான் இருக்க மாட்டேன். அதுதான் என்னைப் பிடுங்குகிறது.

ஆனால் ஏற்பாடு செய்துவிட்டேன். டாக்டர் சான்றிதழோடு நகராட்சிக்குப் போய் மூன்று ஜன்னலில் சண்டை போட்டேன். நான்காவது ஜன்னலில் ஒரு மனுஷன் இருந்தார். திங்கட்கிழமையிலிருந்து தளபதி தினமும் காலையிலும் மாலையிலும் வருவார். உத்தரவு கையில் வந்துவிட்டது. ஒன்பது மணி விசாரிப்பு வழக்கம்போல் தொடரும், அதன்படி சேவையில் மாற்றம் இருக்கலாம் என்று அடியில் ஒரு வரி. தளபதி உத்தரவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ அந்த மனுஷன் வாயத் தெறக்கட்டும், பாத்துக்கறேன்" என்றார். உங்கள் வாயில் துணியை அடைக்கவும் தயார்.

வீட்டைத் தலைகீழாக்கிவிட்டேன். கட்டிலைக் குளியலறைப் பக்கம் நகர்த்தியாயிற்று. நாற்காலி பழையபடி ஜன்னலோரம் போய்விட்டது, கருத்துக் கேட்கவில்லை. தையற்காரர் நடைச் சுவரில் இருபக்கமும் கைப்பிடிக் கட்டை அடித்துக் கொடுத்தார், காசு வாங்கமாட்டேன் என்கிறார்.

இன்று காலை நடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மற்ற நாள் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன், இன்று நேரத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து பெட்டி திறந்துகொண்டது.

"வணக்கம் ஐயா, இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்கே?"

கையில் ஈரத்துணி. குனிந்திருந்தவள் நிமிரவில்லை. வாயிலிருந்து அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

"நானும் நல்லா இருக்கேன் ஐயா. விசாரிச்சதுக்கு நன்றி. வணக்கம்."

அதற்குப் பிறகுதான் உறைத்தது. நான் அவரில்லை, அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நான் அவர் தங்கை, அவருக்கு இடுப்பு உடைந்திருக்கிறது என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கீழேயிருந்து தையற்காரர் ஓடிவந்துவிட்டார். நான் கத்தியதெல்லாம் வாலில் போயிற்று.

புதுப் பல்பு மாட்டியிருக்கிறேன். நடையில் இப்போது உண்மையிலேயே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா.

உங்கள் வாண்டு

பி.கு.: பிற்பகலில் நகராட்சியிலிருந்து செய்தி வந்தது. காலை ஒன்பது மணிப் பதிலின்படி, திங்கட்கிழமை தளபதி வர வேண்டியதில்லை.